காவலூரும் சிவப்புக் கண்ணாடியும்

முழுநிலாவைத் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண் கூசும். ஐபீஸில் ஒரு பச்சை ஃபில்டரைத் திருகினால் கூச்சம் அடங்கும். அதே தைரியத்தில் ராசிபுரத்து மொட்டைமாடியில் என் 3 அங்குலத் தொலைநோக்கியில் அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு செவ்வாயைப் பார்த்தேன். கிடைத்தது மங்கலான ஒரு பொட்டு :-) சின்னத் தொலைநோக்கிக்கு அடர்நிறம் ஆகாது, வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடும் என்று பிறகுதான் படித்தேன். அப்படிப் படிக்கப்போய் அகப்பட்டதுதான் இந்தக் கதை.

1924ல் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தபோது, அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ரைட் என்பவர் அதைப் பல நிற ஃபில்டர்கள் வழியாகப் படம் எடுத்தார். சிவப்பில் தரையின் கரும்பகுதிகள் பளிச்சென்று தெரிந்தன. ஊதாவில் அவை காணாமல் போய், மேலே உள்ள காற்றுமண்டலம்தான் தெரிந்தது. ஆக, நிறத்தை மாற்றினால் தரையைப் பார்க்கிறோமா, மேகத்தைப் பார்க்கிறோமா என்பதே மாறிவிடுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம் ஆகிறது. கிட்டத்தட்ட நம் நாளேதான்! அதனால் ஒரே ஊரிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் ஏறக்குறைய அதே பக்கம்தான் தெரியும். முழுக் கிரகத்தையும் பார்த்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு புயல் வந்து போய்விடலாம்.

இதற்காக 1969ல் லோவெல் வானாய்வகம், நாசாவின் பண உதவியோடு உலகைச் சுற்றி ஒரு காவல் சங்கிலி அமைத்தது. ஹவாய், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சிலி என்று விடிகிற ஊர் நிறுத்த, இருட்டுகிற ஊர் தொடர வேண்டும். எல்லா இடத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே மாதிரி ஃபில்டர்கள். இல்லாவிட்டால் ஓர் ஊர்ப் படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் சேர்ந்த கண்ணிதான் காவலூர்.

காவலூர் நமக்கு ஒன்றும் தூரமில்லை. சேலத்திலிருந்து அரூர், ஊத்தங்கரை வழியே திருப்பத்தூர் போய் ஜவ்வாது மலை ஏறினால் வந்துவிடும். வைணு பாப்பு 1960களில் தேர்ந்தெடுத்த இடம். 1972ல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986ல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ராத்திரி முழுக்க ஃபில்டர் மாற்றி மாற்றிக் கிரகங்களைப் படம் எடுத்த அந்த வேலையைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

இப்படி இரவெல்லாம் காவல் காத்து என்ன பயன் என்று கேட்கலாம். 1971 செப்டம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து செவ்வாயில் ஒரு புழுதிப்புயல் கிளம்புவது தெரிந்தது. சில வாரங்களில் அது கிரகத்தையே மூடிவிட்டது. நவம்பர் 14ல் மரினர் 9 அங்கே போய்ச் சேர்ந்தபோது கேமராவில் தெரிந்தது வெறும் புழுதி, அதற்கு மேலே தலை நீட்டிய நான்கு எரிமலை உச்சிகள்!