மரவேலை இயந்திரமும் மாற்று மோட்டாரும்

திருவாரூர் ஆழித்தேரின் அடியில் இன்று உருளுவன இரும்புச் சக்கரங்கள். பழைய மரச் சக்கரங்களுக்குப் பதிலாக அவற்றையும், இரும்பு அச்சுகளையும், தேரை வேண்டிய இடத்தில் நிறுத்தும் தடைகளையும் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. அதனால் அது வேறு தேராகிவிட்டது என்று எவரும் கூறுவதில்லை. பொருள் நிலைத்திருக்க, அதன் உறுப்பு மட்டும் மாறுவது தச்சர் மரபுக்குப் புதிதன்று. ஆனால், எல்லாப் பொருளிலும் எல்லா உறுப்பையும் மாற்றிவிட முடியுமா? முடியும் என்றால் எதனால் முடிகிறது? முடியாதென்றால் எதனால் முடியாமற் போகிறது? இக்கேள்விக்கு விடை காண, தச்சுக் கொட்டகையில் நிற்கும் பழைய பல்வேலை இயந்திரம் ஒன்றின் வரலாற்றை ஆராய்வோம். மரம் அறுத்தல், கடைதல், துளையிடல், தேய்த்தல் ஆகிய பல வேலைகளை ஒரே உடலில், ஒரே மோட்டாரைக் கொண்டு செய்வதே பல்வேலை இயந்திரம் எனப்படும்.

ஜொகூர் பாருவிலிருந்து கிழக்கே பாசிர் கூடாங்கிற்குப் போகும் வழியிலுள்ள மாசாயில் இருந்து நோக்குவோர்க்கு இப்பொருள் தொலைவானதன்று. அவ்வட்டாரம் தோட்டப்புறமாக இருந்த ஊர்ப்புறம். பாசிர் கூடாங் துறைமுகம் 1977இல் இயங்கத் தொடங்கியபின், ஆலைகளும் குடியிருப்புகளும் அங்கே பெருகின. ரப்பர் மரத்தின் கதையும் மாறிற்று. ஏறத்தாழ 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்பட்ட மரம் முன்பு பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. 1980களில் அது தளபாட மரமாக உயர்ந்தது; ஜொகூரின் மூவார் நகரம் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பாட்டன் பால் வெட்டிய மரம் பேரன் அமரும் நாற்காலியாயிற்று. அத்தகைய நாட்டில், நன்றாக இருக்கும் மரவேலை இயந்திரம் ஒன்று மோட்டார் கருகியதனால் மட்டும் பழைய இரும்புக் கடைக்கு எடை போடப்படுமானால், அது வருந்தத்தக்கதே.

பொறியும் ஆற்றலும் பிரிந்திருந்த காலம்

மரவேலைக்கு இயந்திரம் வகுத்த முன்னோடிகளுள் ஆங்கிலேயராகிய சாமுவேல் பெந்தம் முதன்மையானவர். 1791, 1793 ஆகிய ஆண்டுகளில் அவர் பெற்ற காப்புரிமைகள் இழைத்தல், வார்ப்பு வெட்டுதல் போன்ற பல வேலைகளைப் பொறிமுறைக்குக் கொண்டுவர முயன்றன. அவர் மேற்பார்வையில், போர்ட்ஸ்மத் கப்பற்படைத் துறையில், மார்க் புரூனெல் வகுத்து ஹென்றி மாட்ஸ்லி செய்து தந்த 45 இயந்திரங்கள் 1802க்கும் 1808க்கும் இடையில் அமைந்தன. கப்பற் பாய்க் கயிறுகளுக்குரிய மரக் கப்பிகளை அவை செய்தன. 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தனர் என்பதும், 1808இல் மட்டும் 1,30,000 கப்பிகள் உருவாயின என்பதும் தொழில் வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள்.

அவ்வியந்திரங்கள் எதற்கும் தனக்கென ஓர் ஆற்றல் இல்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நீராவி எந்திரம் ஒரு மூலையில் நின்றது. அதன் சுழற்சி நீண்ட தண்டு வழியாகவும் தோல் பட்டை வழியாகவும் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் சென்றது. நீராவி எந்திரம் பழுதுற்றால் அதை மாற்றலாம். மரவேலை இயந்திரத்தில் ஓர் ஆணியையும் தொட வேண்டியதில்லை. பின்னர் அமெரிக்காவில் கிரெசென்ட், பார்க்ஸ் முதலிய நிறுவனங்கள் செய்த பல்வேலை இயந்திரங்களும் பட்டையால் ஓடுமாறே அமைந்தன. ஆதலால் நீராவி போய் மின்சாரம் வந்தபோது, பட்டையின் மறுமுனையில் மோட்டாரை வைத்து அவற்றைத் தொடர்ந்து ஓட்ட முடிந்தது.

மோட்டார் உள்ளே புகுந்த கதை

1888இல் நிக்கோலா டெஸ்லா மாறுமின்னோட்ட மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலேயே தொலிவோ-தொப்ரொவோல்ஸ்கி மும்முனை மோட்டாரைச் செப்பஞ்செய்தார். மோட்டார் சிறிதாகவும் மலிவாகவும் ஆக, ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஒரு மோட்டார் என்னும் முறை பரவிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வீட்டுக் கொட்டகைக்கென்றே சிறிய பல்வேலை இயந்திரங்கள் தோன்றின.

அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஷாப்ஸ்மித். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் அதை வகுத்தார்; 1947இல் அது விற்பனைக்கு வந்தது. வட்ட ரம்பம், கடைசல் லேத், நின்ற துளைப்பான், கிடைத் துளைப்பான், தேய்ப்புத் தட்டு என ஐந்து வேலைகளை ஒரே உடல் செய்தது. 10ஈஆர் எனப்பட்ட அத்தொடக்கக் கால இயந்திரத்தில் மோட்டார் உடலுக்கு வெளியே, தலைப்பகுதியின் பின்புறம் நின்றது. பெல்ட்டும் புல்லியும் இரண்டையும் இணைத்தன. வாங்குவோர் தம்மிடமுள்ள மோட்டாரையே பொருத்திக்கொள்ளவும் கூடுமாயிருந்தது.

1950களின் நடுவில் மார்க் 5 என்னும் புதிய வகை வந்தது. இதில் மோட்டார் தலைப்பெட்டியின் உள்ளே புகுந்துவிட்டது. ஒரு குமிழைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். அழகிலும் வசதியிலும் இதுவே மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மோட்டார் அப்பெட்டிக்கென்றே அமைந்தது; கடையிற் கிடைக்கும் எந்த மோட்டாரும் அங்கே அப்படியே பொருந்தாது.

இவ்வேறுபாட்டின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 1960களில் மார்க் 5 உற்பத்தி நின்றுபோயிற்று. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் பங்குத் தரகராக இருந்த ஜான் ஃபோக்கர்த் தம் இயந்திரத்திற்கு ஓர் உறுப்புத் தேடியபோது, செய்வாரே இல்லை என்பதைக் கண்டார் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. 1972இல் அவர் உற்பத்தி உரிமையை வாங்கி நிறுவனத்தையே மீண்டும் தொடங்கினார். ஓர் உறுப்புக்காக ஒரு தொழிற்சாலையையே எழுப்பியவர் அவர். எல்லாரும் அவ்வாறு செய்தல் இயலாது. மோட்டாரை வெளியே கொண்ட பழைய இயந்திரத்தின் உரிமையாளருக்கோ அந்தத் தேவையே எழவில்லை. தக்க மோட்டார் ஒன்று அவருக்குப் போதும்.

பொது அளவின் பயன்

தக்க மோட்டார் என்பது யாது? இதற்கு விடை, உலகம் ஒப்புக்கொண்ட சில அளவுகளில் இருக்கிறது. 1839இல் ஐசக் பாபிட் வெள்ளீயக் கலப்புலோகத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு, தேய்ந்த தாங்கியைக் கொல்லரே உருக்கி வார்த்து, தண்டுக்கேற்பச் செதுக்கினார். ஒவ்வொன்றும் ஓர் அளவு. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. பந்துத் தாங்கி, அதாவது பேரிங், வந்தபின் நிலைமை மாறிற்று. 6203 என்ற எண்ணுள்ள பேரிங் எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்திருந்தாலும் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டரே. பழைய இயந்திரத்தின் பேரிங்கில் அவ்வெண்ணைப் படிக்க முடிந்தால், மாற்று பேரிங் பக்கத்துக் கடையிலேயே இருக்கும். பெல்ட்டும் அவ்வாறே. 'ஏ' வகை வி-பெல்ட்டின் மேலகலம் 13 மில்லிமீட்டர் என்பது உலகறிந்த அளவு.

மோட்டாரின் உடலுக்கும் இத்தகைய அளவுண்டு. ஆனால் இங்கே உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அமெரிக்க முறையில் 56 என்னும் சட்டக எண்ணை 16ஆல் வகுத்தால் 3½ வரும். அடிப்பாகத்திலிருந்து தண்டின் நடு வரையுள்ள உயரம் அத்தனை அங்குலம். அதன் தண்டு 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். மலேசியாவிற் பரவலாக வழங்கும் பன்னாட்டு முறையிலோ சட்டக எண்ணே மில்லிமீட்டரிலுள்ள உயரம். 71 எண்ணுள்ள மோட்டாரின் தண்டு 14 மில்லிமீட்டர், 80 எண்ணுள்ளதன் தண்டு 19 மில்லிமீட்டர். ஆகவே அமெரிக்க இயந்திரத்தின் பழைய மோட்டார்ப் புல்லி புதிய மோட்டாரின் தண்டில் ஏறாது. அதைத் தகடு செருகி இறுக்குவது தவறு. தண்டின் அளவுக்குத் துளையுள்ள புல்லியை வாங்குவதே முறை. அடிப்பலகையில் ஆணித்துளைகளும் வேறுபடும். அதற்கு இடையில் ஒரு தடித்த பலகையோ இரும்புத் தகடோ வைத்தாற் போதும்.

மின்சாரம் வகுத்த எல்லை

அளவினும் நுட்பமானது மின்சாரத்தின் இயல்பு. மலேசியாவில் வீட்டு மின்சாரம் நெடுங்காலம் 240 வோல்ட்டாக இருந்தது. 2008 முதல் 230 வோல்ட்டு என வகுக்கப்பட்டது. அலைவெண் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலோ 60 ஹெர்ட்ஸ். சுவர் முனையில் ஏறத்தாழ 115 முதல் 120 வோல்ட்டு. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் எனப் பலர் கருதுவர். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. 115 வோல்ட்டு, 60 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றிய தூண்டல் மோட்டாரை அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், அதன் இரும்பில் காந்தச் செறிவு நூற்றுக்கு 20 மிகும். மோட்டார் மிகையாகச் சூடேறும். பழைய மோட்டார் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகமும் மாறும். நான்கு துருவ மோட்டார் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்திற்கு 1,725 சுற்றும், 50 ஹெர்ட்ஸில் சுமார் 1,425 சுற்றும் சுழலும். இக்குறையைப் புல்லியால் ஈடு செய்யலாம். மோட்டாரிலிருந்த 2½ அங்குலப் புல்லியை நீக்கி 3 அங்குலப் புல்லியை இட்டால், வேறுபாடு நூற்றுக்கு ஒன்றினும் குறைவே. 1,725ஐ 2½ஆலும், 1,425ஐ 3ஆலும் பெருக்கிப் பார்ப்போர்க்கு இது விளங்கும். பள்ளியில் நாம் கற்பிக்கும் எதிர்விகிதக் கணக்கேயன்றி இது வேறன்று.

வேகம் குறைவதால் வேலை தாமதமாகும். கூடினாலோ உயிருக்கே ஆபத்து. கையிற் கிடைத்ததென்று 2,850 சுற்று மோட்டாரைப் பழைய புல்லியோடு பொருத்துவோர் உண்டு. அப்போது வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். லேத்தில் கடைபடும் மரத்தைச் சிதறடிக்க முயலும் விசையோ ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகும். பழைய உடல் அவ்வேகத்திற்கென்று வார்க்கப்பட்டதன்று. சுழலும் திசையையும் நோக்க வேண்டும். திசை மாறினால் மரையில் ஏறிய சக்கும், ரம்பத்தின் மரையாணியும் ஓட்டத்திலேயே கழலக்கூடும்.

மாற்றுமுன் ஆராய்தல்

மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால், அது இறந்துவிட்டதென்று முடிவு கட்டலாகாது. தொடக்க விசை தரும் கெப்பாசிட்டரோ, வேகமேறியதும் தானே விலகும் உட்சுவிட்சோ பழுதுற்றிருக்கலாம். இவை சிறு செலவில் மாறுவன. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கும் ஆதலால், அதை வெளியேற்றாமல் தொடுதல் கூடாது. கம்பிச்சுற்றுக் கருகியிருந்தாலும் மீண்டும் காயில் கட்டுவிக்கலாம். தமிழர்களுக்கு இத்தொழில் அயலானதன்று. பைக்காராவின் நீர்மின்சாரம் 1930களில் கோயம்புத்தூரை எட்டியது; 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தளித்தனர். மார்க் 5 போல மோட்டாரை உள்ளடக்கிய இயந்திரங்களுக்குக் காயில் கட்டுதலே பல வேளைகளில் எளிய வழியாகும். 50 ஹெர்ட்ஸுக்கேற்பக் கட்டச் சொல்லவும் கூடும்.

புதிய மோட்டாரே வேண்டுமென்றால், மரத்தூள் புகாதபடி முற்றும் மூடி, வெளி விசிறியாற் குளிர்வதைக் கொள்ளுதல் நன்று. முக்கால் குதிரைத் திறனுக்கு 0.55 கிலோவாட் மோட்டார் ஏறத்தாழ ஒப்பாகும். நில இணைப்பில்லாத பழைய இருகம்பி வயரை நீக்கிவிட்டு, தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மூன்று கம்பி வயர் இடுவிக்க வேண்டும்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. பழைய இயந்திரம் நெடுநாள் வாழ்வதற்கு இரும்பின் உறுதி மட்டும் போதாது. செய்தவர் மறைந்தபின்னும் மற்றொருவர் புரிந்துகொள்ளத்தக்க பொது அளவில் அதன் உறுப்புகள் அமைந்திருக்க வேண்டும். மார்க் 5இன் வார்ப்பு குறைவுற்றதன்று. அதன் மோட்டார் ஒருவரை மட்டுமே நம்பியிருந்தது.

ஆதலின், தந்தையாரோ பாட்டனாரோ விட்டுச்சென்ற இயந்திரத்தை வைத்திருப்போர் மோட்டார் பழுதாகும் நாள் வரை காத்திராமல், அதன் பெயர்த்தகட்டிலுள்ள வோல்ட்டு, ஹெர்ட்ஸ், சுற்று வேகம், சட்டக எண் ஆகியவற்றையும், தண்டின் விட்டம், புல்லிகளின் விட்டம், பேரிங்குகளின் எண், சுழலும் திசை ஆகியவற்றையும் ஒரு தாளில் குறித்து இயந்திரத்தோடு வைத்தல் நலம். துருவேறிய தகட்டில் எழுத்து நாளுக்கு நாள் மங்கும். அது மங்குமுன் எழுதிவைத்த ஒரு தாள், அவ்வியந்திரத்தைப் பின்னொருவர் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமற் காக்கும்.