நோயுற்றோருக்கு நோயுற்றவர் எழுதிய கடிதங்கள்



வாழ்வின் நிலை திடீரென மாறும்போது ஆறுதல் சொல்ல வருவோர் பலர். ஆயினும் அவர்களுள் சிலருடைய சொல்லே உள்ளத்தைத் தேற்றுகிறது. இதன் காரணத்தை டோனாவூரின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1867-இல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1895-இல் இந்தியா வந்தார். கோயில்களுக்கு ஒப்புவிக்கப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கு டோனாவூரில் புகலிடம் அமைத்து, முப்பது ஆண்டுகள் ஓயாது உழைத்தார்.

1931 அக்டோபர் 24 அன்று காலை, தம் அன்புக்குரியோருக்கு உதவத் தம்மைத் தகுதியாக்கும்படி, எதை வேண்டுமாயினும் செய்தருளும் என்று அவர் ஜெபித்தார். அன்றே களக்காட்டில், ஊழியத்திற்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில் ஒரு குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. நெய்யூர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றும் பழைய நடமாட்டம் திரும்பவில்லை. 1951 ஜனவரி 18-இல் தேவனிடம் சேரும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவருடைய உலகம் ஓர் அறைக்குள் அடங்கிற்று.

அந்நாட்களில் நோயாளிகளுக்கென எழுதப்பட்ட ஆறுதல் நூல்கள் அவர் கைக்கு வந்தன. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவைதாம், ஆனால் எழுதியோர் சுகமாயிருந்தவர்கள். அச்சொற்கள் தம்மைத் தேற்றவில்லை என்பதை அம்மையார் மறைக்கவில்லை. ஆகவே தம்மைப்போல் படுக்கையில் இருந்தோருக்குத் தாமே கடிதங்கள் எழுதினார். அவை 1933-இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் நூலாயின. வலி நீங்கியபின் நினைவுகூர்ந்து எழுதியவை அல்ல அவை. வலியின் நடுவிலேயே எழுதப்பட்டவை. அதனாலேயே நோயுற்றோர் அவற்றை நம்பினர்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுலும் இதையே போதிக்கிறார். ஆசியாவில் உயிர்பிழைக்கும் நம்பிக்கையும் அற்றுப்போன நிலையை அறிந்தவர் அவர். நாம் பெற்ற ஆறுதல் நம்மோடு நின்றுவிடலாகாது. அதே உபத்திரவத்தில் இருப்போரிடம் அது சென்று சேரவேண்டும்.

பிரியமானவர்களே, துணையை இழந்தவரோ, பணி ஓய்வுக்குப்பின் திகைத்து நிற்பவரோ, நோயால் முடங்கியவரோ நம் சபையில் உண்டு. அவர்களைச் சந்திக்கச் செல்கையில், முன்னரே அப்பாதையில் நடந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையெனில், ஏழு நாள் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்த நண்பர்களை நினையுங்கள். அவர்கள் வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபின்னரே அவனுக்குப் பாரமானார்கள்.

இனி நம்மால் என்ன ஊழியம் செய்யக்கூடும் என்று படுக்கையிலிருந்து ஏங்குவோரே, சுகமுள்ள எங்களால் சொல்லக்கூடாத ஒரு சொல் உங்களிடம் இருக்கிறது. அதை ஒருவருக்கேனும் எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

ஆண்டவரே, நாங்கள் பெற்ற ஆறுதலை எங்களுக்குள் அடைத்து வைக்காதிருக்க அருள்புரியும். ஆமென்.