மூசையும் அடுப்புக்கரியும்

ஆத்தூரில் வெள்ளி உருக்கும் பட்டறைகளில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் குமுட்டியும் கரியும் இருந்த காலத்துப் பட்டறையை வைத்துப் பேசினால்தான் கார்பனின் இரண்டு குணமும் விளங்கும். அங்கே கரி எரிந்து தீர்கிறது. அதே தணலின் நடுவே, கிராஃபைட் கலந்த களிமண் மூசை வெள்ளியை ஏந்தி நிற்கிறது. இரண்டுமே கார்பன்.

விறகைக் கரியாக்கும் மூட்டத்திலேயே ஈரமும் புகையும் போய்விடுவதால் கரி புகையாமல் கனல்கிறது. மரத்தின் நுண்குழாய்கள் அப்படியே ஓட்டைகளாக நிற்பதால் காற்று உள்ளே புகுகிறது. துருத்தி ஊதினால் வெள்ளி உருகும் 962 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டிவிடும். கொட்டாங்குச்சிக் கரி இன்னும் கெட்டி, நின்று எரியும். அதன் ஓட்டைகளை நீராவிச் சூட்டில் பெருக்கினால் குடிநீரின் குளோரின் வாடையைப் பிடிக்கும் வடிகரி கிடைக்கும்.

கிராஃபைட்டில் அணுக்கள் அறுகோணத் தகடுகளாக அடுக்கியிருக்கின்றன. தகட்டுக்குள் பிணைப்பு உறுதி, தகடுகளுக்கிடையே தளர்ச்சி. அதனால்தான் பென்சில் முனை தாளில் வழுக்கி எழுதுகிறது. மின்சாரமும் சூடும் அதில் விரைந்து பரவும்; மூசை திடீர்ச் சூட்டில் வெடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரண காற்றழுத்தத்தில் கிராஃபைட் உருகுவதில்லை. ஆனால் காற்றுபடக் காய்ந்தால் கிராஃபைட்டும் மெல்ல எரியும். களிமண்தான் அதைக் காக்கிறது.

எனக்கு வியப்பு மூசைக்குள் நடப்பதுதான். உருகிய வெள்ளி தன் கன அளவைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சும். இறுகும்போது அதைக் கக்கித் தெறிக்கும், கட்டி புரைபுரையாகும். அதைத் தடுக்க உருகிய வெள்ளியின் மேல் கரித்தூள் தூவுவார்கள். மிதக்கும் கரி ஆக்சிஜனைத் தானே எரித்துக்கொள்ளும். வெள்ளி கார்பனை ஏற்காது என்பதால் கரியால் கெடுதல் இல்லை.

இரும்பு அப்படியல்ல, கார்பனை விழுங்கிவிடும். சேலம் பகுதியின் பழைய உருக்குக்காரர்கள் களிமண் மூசையில் இரும்போடு ஆவாரங்குச்சியும் இலையும் வைத்து வாயை அடைத்ததை, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் பதிந்திருக்கிறார். அடைத்த மூசைக்குள் அந்தக் குச்சி கரியாகி இரும்பில் கரைந்து, அதை உருக்காக்கியது.