கடலில் விழுந்த கர்டரும் காலடியில் கிடக்கும் ஜல்லியும்

பழைய ரோட்டைச் சுரண்டி, அதே ஜல்லியை மறுபடி ரோட்டுக்கே போடலாம்னு சொன்னா, "அதெல்லாம் ஃபாரின்ல சார்" என்பார்கள். நம்ம பாம்பன் கதையைக் கேளுங்க மக்களே.

1914-ல் திறந்த ரயில் பாலம் அது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிஞ்சு போச்சு. பாசஞ்சர் ரயிலோடு நூறு பேருக்கு மேல் கடலில் போனார்கள். பாலத்தின் கர்டர்களும் நூற்றுக்கு மேல் விழுந்தன. சரிசெய்ய ஆறு மாசம் கெடு வைத்தது ரயில்வே. பொறுப்பு 32 வயசு ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. புது இரும்பை மட்டும் நம்பி உட்காராமல், மீனவர்கள் அடையாளம் காட்டிய கர்டர்களைக் கடலில் இருந்து தூக்கி மறுபடி தூண்கள் மேல் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிஞ்சது!

ரோட்டுக்கும் இதே கணக்குதான். ராமேஸ்வரம் தீவில் கருங்கல் மலை கிடையாது. ஜல்லி எல்லாம் பாலம் தாண்டித்தான் வரணும். வந்ததைப் புதைத்து மேல மேல போட்டா, ரோடு உசந்து மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும். சுரண்டிட்டுப் போடுங்கன்னு 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். ஆனா சுரண்டினது குப்பை மேட்டுக்குப் போனா பாதி வேலைதான். வருஷமாக ஆகத் தார் இறுகிப்போகும், கல் அப்படியேதான் இருக்கும். கொஞ்சம் புதுத் தாரும் ஜல்லியும் சேர்த்துச் சூடாக்கினால் திரும்ப ரோடு. இந்திய சாலைக் காங்கிரஸ் 2015-லேயே இதுக்கு வழிமுறை வெளியிட்டிருக்கு.

உப்புத்தண்ணிக்குள்ள கிடந்த இரும்பையே தேடி எடுத்து மாட்டின ஊருங்க இது. காலடியில் கிடக்கிற ஜல்லியை எடுக்க என்ன தயக்கம்?