வெள்ளவத்தை – கல்கிசை: மறைந்த தொகுதி தரும் பாடம்

கொழும்பின் தென் கரையோரப் புறநகரை உள்ளடக்கி 'வெள்ளவத்தை – கல்கிசை' என்றொரு தேர்தல் தொகுதி இருந்ததை இன்றைய வாக்காளரிற் பலர் அறியார். 1947 முதல் 1960 வரை, பதின்மூன்று ஆண்டுகளே அது நிலைத்தது. எனினும் தமிழ், முஸ்லிம் மக்கள் அதன் வரலாற்றை அறிந்திருத்தல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் நாடு 89 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 95 உறுப்பினர்கள் தெரிவு செய்யப்பட்டனர். அத்தொகுதிகளுள் ஒன்றே இது. 1947 இல் இத்தொகுதி இடதுசாரித் தலைவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவைத் தெரிவு செய்தது. வெள்ளவத்தைக்கு அவர் புதியவரல்லர். 1933 இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களது சங்கத்தின் தலைவராக விளங்கியவர் அவர். அத்தொழிலாளருட் கணிசமானோர் இந்தியாவிலிருந்து வந்தோராவர்.

1952 இல் தோல்வியுற்ற அவர் 1956 இல் மீண்டும் இதே தொகுதியில் வெற்றி பெற்றார். அவ்வாண்டு ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டமூலம் விவாதிக்கப்பட்டபோது, ஒரு மொழியை மட்டும் ஏற்றால் நாடு இரண்டாகும், இரு மொழிகளையும் ஏற்றால் நாடு ஒன்றாக நிற்கும் என்று எச்சரித்தவர் வெள்ளவத்தை – கல்கிசை உறுப்பினரே. 29 பேர் எதிர்த்தும் 56 வாக்குகளால் சட்டமூலம் நிறைவேறியது.

1959 இல் மேற்கொள்ளப்பட்ட எல்லை நிர்ணயத்தின் பயனாக இத்தொகுதி அற்றுப்போயிற்று. 1960 மார்ச் தேர்தலில் 'தெஹிவளை – கல்கிசை' என்ற புதிய தொகுதி தோன்றியது. வெள்ளவத்தையின் பெயர் தொகுதிப் பட்டியலிலிருந்து நீங்கியது. 1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. 1989 பொதுத் தேர்தலிலிருந்து முழுக் கொழும்பு மாவட்டமும் ஒரே தேர்தல் மாவட்டமாயிற்று.

தொகுதி மறைந்ததைக் காட்டிலும் வேதனைக்குரிய திருப்பம் 1972 இல் நிகழ்ந்தது. அரசியலமைப்பு விவகார அமைச்சராகக் குடியரசு யாப்பை ஆக்குவதற்குத் தலைமை தாங்கியவர் அதே கொல்வின் ஆர். டி சில்வா. அந்த யாப்பில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. இன, மத பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடைசெய்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவின் காப்பு கைவிடப்பட்டது. 1956 இல் எச்சரித்தவரின் கையாலேயே 1972 இல் அவ்வெச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது.

நல்லெண்ணம் கொண்ட ஒரு பிரதிநிதியின் வாக்குறுதி எத்துணை உயர்ந்ததாயினும், அது சட்டக் காப்பீட்டிற்கு ஈடாகாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

தொகுதி முறையும் விகிதாசார முறையும் கலந்த தேர்தலுக்காக 2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி தயாரிக்கப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. அதன் பின் மாகாண சபைத் தேர்தல்கள் பல ஆண்டுகளாக நடைபெறவில்லை. சிதறி வாழும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் தமது ஆசனங்கள் குறைந்துவிடுமென அப்போது வெளியிட்ட அச்சம் நியாயமானதே.

தொகுதி முறை மீண்டும் வருமாயின், உறுப்பினரைத் தேடிச் சென்று கேள்வி கேட்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டும். அதனை நாம் வரவேற்போம். ஆயினும் பல அங்கத்தவர் தொகுதிகளும், சிறுபான்மையோர் நலன் பேணும் எல்லை வரையறைகளும் சட்டத்திலேயே உறுதி செய்யப்படல் வேண்டும். கோடுகள் வரையப்பட்ட பின் முறையிடுவதிற் பயனில்லை. வரையப்படும் முன்னரே தமிழ், முஸ்லிம் தலைமைகள் ஒருமித்துக் குரல் எழுப்ப வேண்டும்.