வெறுங்காலால் வென்ற கேடயம்

கல்கத்தாவின் வடபாகத்திலே மோகன் பகான் என்றொரு மாளிகை இருந்தது. 1889ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆந் திகதி வங்க இளைஞர் சிலர் அங்கே உதைபந்தாட்டக் கழகமொன்றைத் தொடங்கினர். மாளிகையின் பெயரே கழகத்துக்கும் வாய்த்தது. முதற் றலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914இல் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் இவரே.

ஐ. எப். ஏ. கேடயம் அதுவரை எந்த இந்தியக் கழகத்துக்கும் கிட்டியதில்லை. 1911 யூலை 29ஆந் திகதி இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யோர்க்ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் எதிர்த்தது. படைவீரர் யாவரும் சப்பாத்து அணிந்திருந்தனர். நம்மவர் பதினொருவரிற் பதின்மர் வெறுங்காலினர். சப்பாத்தணிந்த ஒருவர் சுதீர் சட்டர்ஜி என்னுங் கிறிஸ்தவர். சமயம் வேறாயினும் ஆடிய பக்கம் ஒன்றே. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மைதானத்தில் நிற்க இடமில்லை. தூரத்தில் நின்றோருக்குப் பட்டமேற்றிக் கோல் கணக்கை அறிவித்தார்களாம். பிற்பாதியில் முதற் கோலைப் படையினரே போட்டனர். தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த பந்து வெற்றியைத் தந்தது.

இத்தோல்விக்கு அஞ்சியே ஆங்கிலேயர் தலைநகரை டில்லிக்கு மாற்றினர் எனச் சிலர் கூறுவர். அவ்வாண்டு டிசம்பரில் அம்மாற்றம் அறிவிக்கப்பட்டது மெய். ஆயினும் ஒரு பந்தாட்டத்தின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றுதல் தகாது.

கேடயம் மீண்டும் மோகன் பகானிடம் வர 36 ஆண்டுகள் சென்றன. 1947இல் இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றது வெள்ளைப் படையன்று. அதே நகரத்து ஈஸ்ட் பெங்கால் கழகம்.