எந்த அறையில் அமர்வது?

‘பப்’ என்பது ஆங்கிலத்தில் ‘பொது இல்லம்’ என்று பொருள்படும் இரு சொற்களின் குறுக்கம். தெருமுனையில் ஒரு வீடு. அதன் முன்கூடம் ஊருக்குப் பொது. வேலை முடிந்து வருபவர் ஒரு கோப்பை பீரை வாங்கிக்கொண்டு, அண்டை அயலாரோடு ஊர்க்கதை பேசியபடி மாலைப்பொழுதைக் கழிக்கலாம். ஆங்கில நாவல்களின் வழியே நம்மில் பலருக்கும் அறிமுகமான இடம்தான் இது. ஆனால் ‘பொது’ என்ற அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? இந்தக் கேள்வி 1960களில் இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில் பீர்க் கோப்பையை முன்வைத்தே எழுந்தது. நம் வாசகர்களிடையே அதிகம் பேசப்படாத வரலாறு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பர்மிங்ஹாமின் மேற்கு எல்லையை ஒட்டி அமைந்தது ஸ்மெதிக். இரும்பு வார்ப்படச் சாலைகள், கோவைக்காரர்கள் ‘பவுண்டரி’ என்பார்களே அவை, நிறைந்த ஊர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே ஆட்பற்றாக்குறை நிலவியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி காமன்வெல்த் நாட்டினர் பிரிட்டனில் தங்கி வேலை செய்யத் தடை இல்லை. பஞ்சாபிலிருந்து ஏராளமான ஆண்கள் வந்து சேர்ந்தனர். உலைக்களத்தின் வெக்கையில் நாளெல்லாம் உழைத்தவர்களுக்கு மாலையில் பீர் ஒரு தேவையாகவே இருந்தது. ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்துத் தங்கிய காலம் அது. அமர்ந்து பேசவும் வேறு இடம் இல்லை.

அக்கால மதுவிடுதியின் கட்டட அமைப்பை இங்கே தெரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலான விடுதிகளில் இரண்டு பகுதிகள் இருந்தன. வெறும் தரையும் மரப்பலகை இருக்கைகளுமாக, விலை சற்றுக் குறைந்த பொதுக்கூடம் ஒன்று. கம்பளம் விரித்து மெத்தை இருக்கைகள் போட்ட ‘லவுஞ்ச்’ அல்லது ‘ஸ்மோக் ரூம்’ எனப்படும் உள்ளறை மற்றொன்று. வர்க்க வேறுபாட்டுக்காக எழுந்த இந்தச் சுவர், குடியேறிகள் வந்தபின் நிற வேறுபாட்டுக்கும் பயன்பட்டது. சில விடுதிகள் இந்தியரையும் கரீபியத் தீவினரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பின. வேறு சில, பொதுக்கூடத்தில் நின்று குடிக்க அனுமதித்து உள்ளறைக்குள் விட மறுத்தன. இதற்கு ‘நிறத்தடை’ என்று பெயர். இதைக் குற்றமென்று சொல்லும் சட்டம் எதுவும் அப்போது இல்லை.

இதை எதிர்த்து நின்றது இந்தியத் தொழிலாளர் சங்கம். 1930களின் இறுதியில் கோவென்ட்ரியில் தொடங்கப்பட்ட இந்த அமைப்புக்கு, பர்மிங்ஹாம் வட்டாரத்தில் வார்ப்படத் தொழிலாளியாக இருந்த அவ்தார் சிங் ஜோஹல் முன்னணிச் செயல்வீரராக விளங்கினார். சங்கம் கையாண்ட முறை எளிமையானது. வெள்ளையரான பல்கலைக்கழக மாணவர்களும் இந்தியத் தொழிலாளர்களும் சேர்ந்து மாலையில் விடுதி விடுதியாகச் சென்றனர். மாணவருக்குப் பீர் கிடைக்கும், இந்தியருக்கு மறுக்கப்படும். மறுப்புக்கு இவ்வாறு சாட்சிகள் சேர்ந்துவிடும். மதுவிடுதியின் உரிமம் நீதிபதிகளின் முன் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்று. அந்த வேளையில் சங்கம் தன் ஆட்சேபனையை எழுப்பியது.

ஊரின் சூழல் கொதிநிலையில் இருந்தது. 1964 அக்டோபர் பொதுத்தேர்தலில் குடியேறிகள் மீதான வெறுப்பே ஸ்மெதிக்கின் முக்கியப் பிரச்சாரமாயிற்று. தொழிற்கட்சியின் பாட்ரிக் கார்டன் வாக்கரைக் கன்சர்வேடிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் தோற்கடித்தார். மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்ற திட்டமும் கிளம்பியது.

இந்நிலையில்தான் 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பின விடுதலைத் தலைவர் மால்கம் எக்ஸ் சங்கத்தின் அழைப்பை ஏற்று ஸ்மெதிக் வந்தார். மார்ஷல் தெருவில் நடந்து பார்த்தபின், ஜோஹலும் நண்பர்களும் அவரை ‘ப்ளூ கேட்ஸ்’ என்ற விடுதிக்கு அழைத்துச் சென்றனர். உள்ளறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்து, பொதுக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். மால்கம் எக்ஸ் மதுவைத் தொடாத இஸ்லாமியர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர் கேட்டது மதுவை அல்ல, மற்றவர்களோடு சமமாக அமரும் உரிமையை. ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 21இல், நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே ஆண்டின் இறுதியில் முதலாவது இன உறவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விடுதி, உணவகம், திரையரங்கு போன்ற பொது இடங்களில் நிறத்தின் பேரால் ஒருவரை ஒதுக்குவது சட்டவிரோதமாயிற்று. எனினும் அது தண்டனைக்குரிய குற்றம் ஆகவில்லை. சமரசப் பேச்சுக்கே முதலிடம். வீட்டு வாடகையும் வேலைவாய்ப்பும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சேர்க்கப்பட்டன. சட்டம் வந்த மறுநாளே மனங்கள் மாறிவிடவில்லை. விடுதிகளின் வாசலில் முணுமுணுப்பும் முறைப்பும் பல்லாண்டுகள் நீடித்தன.

மாற்றம் வேறொரு திசையிலிருந்தும் வந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வார்ப்படச் சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழிலாளர் வற்றியதும் அவர்களை நம்பியிருந்த விடுதிகளும் நலிந்தன. வேலையிழந்தபோது கிடைத்த பணத்தைக் கொண்டு பஞ்சாபியர் சிலர் அந்த விடுதிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். பெரிய மதுவடிப்பு நிறுவனங்கள் அளவுக்கு மிஞ்சிய விடுதிகளை வைத்திருக்கக் கூடாது என்று 1989இல் பிறந்த அரசாணையால் மேலும் பல விடுதிகள் கைமாறின.

புதிய உரிமையாளர்கள் பீரோடு தம் ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தார்கள். பொரித்த பன்றித்தோல் துணுக்கும் ஊறுகாய் முட்டையும் விற்ற இடத்தில் தந்தூரி அடுப்பு மூண்டது. இரும்புத்தட்டில் வதங்கிய வெங்காயத்தின் மேல் கோழியும் சீக் கபாபும் ‘சொர்’ரென்ற ஓசையோடு வரும் ‘மிக்ஸ்டு கிரில்’ அவ்வட்டாரத்தின் அடையாள உணவாயிற்று. இவற்றை இன்று ‘தேசி பப்’ என்கிறார்கள். வெஸ்ட் பிராம்விச்சின் ‘ரெட் லயன்’ விடுதியில் பஞ்சாபிக் குடியேறிகளின் கதையைச் சித்திரிக்கும் வண்ணக்கண்ணாடிச் சாளரம் ஒன்றே உண்டு. டேவிட் ஜேசுதாசன் இவ்விடுதிகளைப் பற்றி எழுதிய நூல் 2023இல் வெளியாயிற்று.

இதை முழு வெற்றிக்கதையாகச் சொல்வது நேர்மையாகாது. குடி பல பஞ்சாபிக் குடும்பங்களின் நிம்மதியைக் குலைத்தது. தேசி விடுதிகளும் நெடுங்காலம் ஆண்களின் உலகமாகவே இருந்தன. பெண்களும் குழந்தைகளும் உணவுக்காக வந்தமரத் தொடங்கியது பின்னர்தான். ஒரு சுவரை இடித்தவர்கள் தம் வீட்டுச் சுவரை உடனே கவனித்துவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. ஜோஹல் 2022இல் மறைந்தபோது, அவர் தலைமுறையினர் நுழைய முடியாதிருந்த விடுதிகள் போன்ற பலவற்றில் வெள்ளைக்காரக் கிழவரும் பஞ்சாபி இளைஞரும் அடுத்தடுத்த மேசைகளில் கால்பந்தாட்டம் பார்த்தபடி ஒரே அடுப்பின் உணவை உண்டுகொண்டிருந்தனர். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழங்கதை தெரியும் என்று சொல்வதற்கில்லை. வரலாற்று நூல்கள் நாடாளுமன்றத்தையும் போர்க்களத்தையும் பேசுகின்றன. தெருமுனை விடுதியில் யார் எந்த அறையில் அமர்ந்தார்கள் என்பதும் ஒரு நாட்டின் வரலாறுதான்.